நோட்டீஸ் தொங்கின பிறகு போனால் பிந்திவிடும்



விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் நோட்டீஸ் தொங்கின பிறகுதான் எங்கட ஆக்களுக்கு விசயம் தெரியவரும். "இருபது மாடி வரப்போகுதாம்", "அந்த ஹோலை உடைக்கப் போறாங்களாம்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் படம் சுற்றும். பெட்டிஷன் ஒன்று ஓடும். தெரிந்த கவுன்சிலர் யாரையாவது பிடிப்போம். பிளானிங் கமிட்டி கூடுகிற இரவு பின்வரிசையில் போய் இருப்போம். எங்கட பக்கத்துக்குப் பேச இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். பிறகு அதிகாரி ஒருவர் அமைதியாகச் சொல்லுவார்: இந்தக் காணி லோக்கல் பிளானில் ஏற்கெனவே வீடு கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டது. அதோடு கதை முடிஞ்சுது.

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டின் பிளானிங் சட்டத்தில் 38(6) என்று ஒரு உட்பிரிவு இருக்கு. வலுவான வேறு காரணம் இல்லாவிட்டால், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் லோக்கல் பிளானின்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே கமிட்டி இரவில் நாங்கள் எதிர்ப்பது பல வருசத்துக்கு முதல் எடுத்த முடிவு ஒன்றை. அந்த முடிவை எடுத்த அறையில் நாங்கள் இருக்கவில்லை.

என்ர வாதம் இதுதான்: வீடு, கடை, மண்டபம் என்று லண்டனில் நாங்கள் செய்கிற போராட்டத்தில் பாதியை லோக்கல் பிளான் எழுதப்படுகிற நேரத்துக்கு நகர்த்த வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் நிலம் யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் எழுதப்படுகிறது.

பிளான் எப்படிப் பிறக்கிறது

முதலில் மேலிருந்து ஒரு எண் வரும். 2021 மார்ச்சில் வந்த லண்டன் பிளான், நகரம் முழுக்க வருசத்துக்கு 52,287 வீடுகள் என்று இலக்கு வைத்தது. அதைக் கவுன்சில்களுக்குப் பிரித்தது. பத்து வருசத்தில் பிரென்ட் 23,250, ரெட்பிரிட்ஜ் 14,090, ஹரோ 8,020. 2024 டிசம்பரில் மத்திய அரசு கணக்குப் போடுகிற முறையையே மாற்றியது. புதுக் கணக்கில் லண்டனுக்கு வருசம் சுமார் 88,000 வீடுகள். அடுத்த லண்டன் பிளான் இந்த எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது.

எண் வந்ததும் கவுன்சில் நிலம் தேடும். "உங்களிடம் கட்டக்கூடிய காணி இருக்கா?" என்று பகிரங்கமாகக் கேட்கும். இதற்குப் பெயர் 'கோல் ஃபோர் சைட்ஸ்'. காணிச் சொந்தக்காரர்களும் அவர்களுடைய ஆலோசனை நிறுவனங்களும் வரைபடத்தோடு வந்து நிற்பார்கள். அதே நேரம் வீட்டுத் தேவை, தொழிற்பேட்டை நிலம், கடைத்தெரு, பூங்கா, பாடசாலை என்று ஆதார அறிக்கைகள் தயாராகும். பிறகு முதல் வரைவு மக்களிடம் வரும். அது ரெகுலேஷன் 18 கட்டம். திருத்தி, "இதுதான் நாங்கள் அனுப்பப் போகிற பிளான்" என்று குறைந்தது ஆறு கிழமை வெளியில் வைப்பார்கள். அது ரெகுலேஷன் 19. கடைசியில் பிளானிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் பகிரங்க விசாரணை நடத்துவார். பிளான் தேவையைப் பூர்த்திசெய்யப் பார்க்கிறதா, ஆதாரம் இருக்கா, நடைமுறையில் சரிவருமா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்று நான்கு கேள்வி கேட்பார். அவர் சரி என்று சொன்னால் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு பத்து, பதினைந்து வருசம் அதுதான் சட்டப்புத்தகம் மாதிரி.

இதில் எங்களில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கு. ரெகுலேஷன் 19 கட்டத்தில் பிளானை மாற்றச் சொல்லி எழுதின எவருக்கும், இன்ஸ்பெக்டர் முன்னால் நேரில் பேசுகிற உரிமை இருக்கு. அதே 2004 சட்டத்தின் 20(6) இதைச் சொல்கிறது. இரண்டு நிமிடக் கெஞ்சல் அல்ல. கவுன்சிலின் அதிகாரி, டெவலப்பரின் வழக்கறிஞர் எல்லாரும் இருக்கிற அதே மேசையில் எங்கட பெயர்ப் பலகையோடு ஒரு கதிரை.

அந்த மேசையில் யார் இருக்கிறார்கள்

எங்கட சனம் கன பேர் வேலை செய்கிற பார்க் ரோயலை எடுங்கோ. 2015இல் பிரென்ட், ஈலிங், ஹமர்ஸ்மித் கவுன்சில்களிடமிருந்து அந்தப் பகுதியின் பிளானிங் அதிகாரத்தை ஓல்ட் ஓக் அண்ட் பார்க் ரோயல் டெவலப்மென்ட் கோர்ப்பரேஷன் எடுத்துக்கொண்டது. அதன் முதல் வரைவு, கார்ஜயன்ட் என்ற பெரிய கார் விற்பனை நிறுவனத்தின் காணியில் ஆயிரக்கணக்கான வீடுகளைப் போட்டிருந்தது. தங்கட தொழிலை அங்கிருந்து தூக்கிக்கொண்டு போகிற செலவுக்கு இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் விசாரணையில் வாதாடியது. 2019இல் இன்ஸ்பெக்டர் அதை ஏற்றார். அந்த ஒதுக்கீடு பிளானிலிருந்து எடுபட்டது. மிச்சத்தைத் திரும்ப எழுதி, 2022 ஜூனில்தான் பிளான் நிறைவேறியது.

அந்த நிறுவனத்தில் எனக்குக் கோபம் இல்லை. இருந்த உரிமையைப் பாவித்தது, அவ்வளவுதான். ஒரு பெரிய அரச அமைப்பின் திட்டத்தின் நடுப்பகுதியையே விசாரணை மேசையில் மாற்றலாம் என்று அது காட்டியிருக்கு. இனி ஒன்றை யோசியுங்கோ. தொழிற்பேட்டைகளில் வாடகைக்கு இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடங்கள், நடன வகுப்புகள், சின்னக் கோயில்கள், கேட்டரிங் சமையலறைகள் எத்தனை? அவை இருக்கிற காணிக்கு 'வளர்ச்சிப் பகுதி' என்று நிறம் அடிக்கிறபோது, செலவுக் கணக்கோடு போய் நின்ற அமைப்பு ஒன்றையாவது எனக்குத் தெரியாது.

ஆல்பர்ட்டனில் நடந்தது இதுதான். 2010இலேயே பிரென்ட் கவுன்சில் அதை வளர்ச்சிப் பகுதியாக அறிவித்தது. 2022 பெப்ரவரியில் ஏற்ற புதிய லோக்கல் பிளானிலும் வெம்ப்ளி, நீஸ்டன், சவுத் கில்பர்ன் ஆகியவற்றோடு அது இருக்கு. கால்வாய்க் கரையில் வேலைத்தலங்கள் இருந்த நிலத்தில் இன்று கோபுரங்கள் நிற்கின்றன. ஈலிங் ரோட்டில் பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போகிற எவருக்கும் இது தெரியும். "திடீரெண்டு மாறிப்போச்சு" என்று சனம் சொல்லும். அதில் திடீர் என்று ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருசம் பகிரங்கமாக எழுதி வைத்திருந்தார்கள்.

வார்த்தைகளுக்குள் என்ன இருக்கு

பிளான் ஆவணத்தில் மூன்று சொற்களைக் கவனமாக வாசிக்கச் சொல்லுவேன்.

முதலாவது 'அஃபோர்டபிள்'. 2011இல் கொண்டுவந்த 'அஃபோர்டபிள் ரென்ட்' சந்தை வாடகையின் 80 வீதம் வரை போகலாம். ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறதுக்குக் காரணமே சந்தை வாடகை. அதில் ஐந்தில் ஒன்று குறைத்தால் யாருக்கு லாபம்? கிளீனிங் வேலைக்கும் பெட்ரோல் நிலைய இரவு வேலைக்கும் போகிற குடும்பத்துக்கு வேண்டியது சோஷியல் ரென்ட். அந்தச் சொல், அதற்கான எண்ணோடு, பிளானில் இருக்கா என்று பாருங்கோ. லண்டன் பிளானின் நீண்டகால இலக்கு 50 வீதம் அஃபோர்டபிள். நடைமுறையில் தனியார் காணியில் 35 வீதம் கொடுத்தால் பெரிய விசாரணை இல்லாமல் வேகப்பாதையில் போகலாம். 2025 அக்டோபரில் மேயர் சாதிக் கானும் தொழிற்கட்சி அரசும் சேர்ந்து, 20 வீதம் போதும் என்கிற தற்காலிகப் பாதை ஒன்றை அறிவித்தார்கள். கட்டுமானம் விழுந்துபோச்சு என்பது காரணம். கட்டுமானம் விழுந்தது உண்மை. ஆனால் டெவலப்பருக்குக் கணக்குச் சரிவராவிட்டால் குறைக்கிறது எப்போதும் எங்கட பங்காக இருக்கிறது ஏன்?

இரண்டாவது 'கம்யூனிட்டி யூஸ்'. கோயில், பள்ளிக்கூடம், சபைக் கூடம் எல்லாம் 2020 செப்டம்பரிலிருந்து எஃப்1 என்கிற வகுப்பில். ஊர் மண்டபங்கள் எஃப்2. கடை, உணவகம், அலுவலகம், மருத்துவ நிலையம் எல்லாம் 'கிளாஸ் ஈ' என்ற ஒரே பெட்டிக்குள். 2021 ஓகஸ்ட்டிலிருந்து கிளாஸ் ஈ கட்டடங்களை முழு பிளானிங் அனுமதி இல்லாமலே குடியிருப்பாக மாற்றலாம். கவுன்சில் ஒரு சுருக்கச் சோதனை மட்டும் செய்யும். அதாவது எங்கட மளிகைக் கடையும் சேலைக் கடையும் சட்டத்தின் கண்ணில் நாளைய ஃபிளாட். கவுன்சில் விரும்பினால் 'ஆர்ட்டிகிள் 4' என்கிற கட்டளை போட்டு முக்கியமான கடைத்தெருக்களை இதிலிருந்து காப்பாற்றலாம். எந்தத் தெரு முக்கியம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரத்தை யார் கொடுக்கிறது?

மூன்றாவது 'அதர் ஏசியன்'. சனத்தொகைக் கணக்கெடுப்பில் தமிழருக்கென்று கட்டம் இல்லை. எங்களில் பலர் 'மற்ற ஆசியர்' என்பதற்குள் கரைந்துபோகிறோம். கவுன்சிலின் ஆதார அறிக்கைகள் இந்தக் கட்டங்களை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. வயதானவர்கள் தனியாக இருக்கிறார்களா, ஒரு அறைக்கு எத்தனை பேர், எந்த மண்டபத்தை எத்தனை குடும்பம் பாவிக்கிறது என்பதெல்லாம் எங்களைப் பொறுத்தவரை அங்கே வெற்றுத்தாள்.

வென்ற கதைகளும் இருக்கு

செவன் சிஸ்டர்ஸ் நிலையத்துக்கு மேலே வார்ட்ஸ் கோர்னர் கட்டடத்தில் லத்தீன் அமெரிக்கச் சந்தை ஒன்று இருந்தது. அதை உடைத்து ஃபிளாட்டும் கடைத்தொகுதியும் கட்ட கிரெய்ஞ்சர் நிறுவனத்துக்கு ஹரிங்கே கவுன்சில் 2008இல் அனுமதி கொடுத்தது. 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அங்கே இருக்கிற சிறுபான்மை வியாபாரிகளுக்கும் குடிகளுக்கும் என்ன ஆகும் என்று, இனச் சமத்துவச் சட்டம் கேட்கிறபடி கவுன்சில் யோசிக்கவில்லை என்பதுதான் காரணம். கவுன்சில் 2012இல் திரும்ப அனுமதித்தது. 2019இல் கட்டாயக் கொள்முதல் உத்தரவும் உறுதியானது. சனம் விடவில்லை. எதிர்ப்பதோடு நிற்காமல், அந்தக் கட்டடத்தைத் திருத்திப் பாவிக்கத் தாங்களே திட்டம் வரைந்து அதற்குப் பிளானிங் அனுமதியும் எடுத்தார்கள். 2021 ஓகஸ்ட்டில் கிரெய்ஞ்சர் விலகியது.

அந்தச் சட்டக் கடமை இன்று 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவாக இருக்கு. லோக்கல் பிளான் எழுதும்போதும் கவுன்சிலுக்கு அது பொருந்தும். அதாவது "இந்த ஒதுக்கீட்டால் இன்ன சமூகத்துக்கு இன்ன பாதிப்பு" என்று நாங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டால், அதைப் பார்க்கவில்லை என்று அவர்களால் சொல்ல ஏலாது.

எங்களுக்கு இன்னும் கிட்ட, அப்டன் பார்க்கின் குயின்ஸ் மார்க்கெட். மீனும் மரக்கறியும் வாங்க எங்கட அம்மாக்கள் போகிற இடம். 31 மாடிக் கோபுரத்தோடு அதை மாற்ற வந்த செயின்ட் மொட்வென் திட்டத்தை வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் வருசக்கணக்காக எதிர்த்தார்கள். சூப்பர்மார்க்கெட் கடையாக வர இருந்த அஸ்டா 2006இல் விலகியது. 2009இல் அப்போதைய மேயர் பொரிஸ் ஜோன்சன் திட்டத்தை நிராகரிக்கச் சொல்லி உத்தரவிட்டார். பொரிஸ் எங்கட தோழர் இல்லை. சனம் திரண்டு நின்றது, அவருக்கும் அது கணக்குக்குள் வந்தது.

2018இல் ஹரிங்கேயில் லென்ட்லீஸோடு சேர்ந்து கவுன்சில் நிலத்தை ஒரு கூட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் 200 கோடி பவுண் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டுக் குடியிருப்பாளர்களும் கட்சிக்குள் இருந்த இடதுசாரிகளும் சேர்ந்து, வேட்பாளர் தெரிவிலேயே அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். பிளானிங் அரசியல்தான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எங்கட வீட்டுக்குள்ளும் ஒரு கதை

இதுவரை எழுதினதில் 'நாங்கள்' என்ற சொல்லைத் தாராளமாகப் பாவித்தேன். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கவுன்சில் 'தமிழ்ச் சமூகத்தை' கலந்தாலோசித்தோம் என்று எழுதும்போது, பொதுவாக அவர்கள் பேசியிருப்பது கோயில் தர்மகர்த்தாக்களோடும் வியாபாரச் சங்கத்தோடும். அந்த அண்ணைமாருக்குத் தங்கட நியாயமான அக்கறைகள் இருக்கு: பார்க்கிங், கோயில் விரிவாக்கம், கடை வாடகை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் தெருவில் பெட்டி அறைக்கு வாரக் காசு கொடுக்கிற பெடியன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த அறையை வாடகைக்கு விடுகிறவர் சிலவேளை அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். எங்களுக்குள் வாடகை வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் இருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு 'சமூகம்' என்று பேசினால் அது அரைப் பொய்.

அதேபோல ஹரோவிலும் ரெட்பிரிட்ஜிலும் வீடு வாங்கி அமர்ந்த எங்கட பெற்றோர் தலைமுறை, "இங்கே ஃபிளாட் வேண்டாம், சூழல் கெட்டுப்போகும்" என்ற பெட்டிஷனில் கையெழுத்து வைக்கிறது. முப்பது வருசத்துக்கு முதல் அதே தெருவில் எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். இளம் தோழர்கள் இந்தப் பெட்டிஷன்களுக்கு லைக் போட முதல் யோசியுங்கோ. எங்கட நிலைப்பாடு 'கட்டாதே' என்பதாக இருக்க ஏலாது. கவுன்சில் வீட்டுக்குக் காத்திருப்பவர்களும், ஹோம் ஒஃபிஸ் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட அகதிகளும் கட்டினால்தான் வீட்டுக்குப் போவார்கள். யாருக்காக, எவ்வளவு வாடகைக்கு, யாரை எழுப்பிவிட்டு என்பதுதான் சண்டை.

ஊரில் நிலம் என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். வலிகாமம் வடக்கில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். 1990இல் வெளியேறின சனத்துக்குக் காணி துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்தது, இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. சென்னையில் ஆற்றங்கரைச் சனத்தை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். நகரத்தின் மாஸ்டர் பிளானை எழுதினபோது அவர்களை யாரும் மேசைக்குக் கூப்பிடவில்லை. லண்டன் கவுன்சிலும் இராணுவமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இங்கே துப்பாக்கி இல்லை, விசாரணையில் கதிரை இருக்கு. அந்தக் கதிரையை வெறுமையாக விட்டுவிட்டு மே 18க்கு நிலம் பற்றிக் கோசம் போடுகிறது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்ன செய்யலாம்

ஒன்று. உங்கட கவுன்சிலின் இணையதளத்தில் லோக்கல் பிளான் கால அட்டவணையைத் தேடுங்கோ. எந்தக் கட்டத்தில் இருக்கு என்று பாருங்கோ. அறிவித்தல் பட்டியலில் உங்கட மின்னஞ்சலைப் போடுங்கோ. 2023இல் வந்த சட்டம் பிளான் எழுதுகிற காலத்தை 30 மாதமாகச் சுருக்கச் சொல்கிறது. ஜன்னல் திறந்திருக்கிற நேரம் இன்னும் குறையப்போகுது.

இரண்டு. பிளானோடு வருகிற வரைபடத்தில் உங்கட தமிழ்ப் பள்ளி, மண்டபம், கடைத்தெரு எந்த நிறத்துக்குள் வருகிறது என்று பாருங்கோ. ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

மூன்று. ஆதாரம் சேருங்கோ. எத்தனை பிள்ளைகள், எத்தனை மணித்தியாலம், என்ன வாடகை, குத்தகை எப்போது முடியும். தமிழில் கேளுங்கோ, வயதானவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கோ. இந்தத் தாள்தான் விசாரணை மேசையில் எங்கட ஆயுதம்.

நான்கு. 2011 லோக்கலிசம் சட்டத்தின்படி உள்ளூர் ஆக்கள் 21 பேர் சேர்ந்தால் ஒரு மண்டபத்தைச் சமூகச் சொத்தாகப் பதியச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பதிந்தால், சொந்தக்காரர் விற்கப்போகும்போது வாங்க முயல ஆறு மாத அவகாசம் கேட்கலாம். அதே 21 பேரோடு நெய்பர்ஹூட் ஃபோரமுக்கு விண்ணப்பித்து, உங்கட பகுதிக்கான பிளானையே எழுதலாம். மக்கள் வாக்கெடுப்பில் அது வென்றால் சட்ட வலு உண்டு. டெவலப்பர் கட்டுகிற வரியில் 25 வீதம் அந்தப் பகுதிக்கே செலவாக வேண்டும்.

ஐந்து. தனியப் போகாதேங்கோ. லண்டன் ரென்டர்ஸ் யூனியன், பக்கத்து எஸ்டேட்டின் குடியிருப்பாளர் சங்கம், சோமாலி அம்மாக்கள், வங்காளி வியாபாரிகள் எல்லாரும் இதே வரைபடத்துக்குள்தான் இருக்கிறார்கள். ரெகுலேஷன் 19க்குப் பத்து அமைப்புகள் ஒரே கோரிக்கையை எழுதினால் இன்ஸ்பெக்டர் அதைத் தனித் தலைப்பாக எடுக்கவேண்டி வரும்.

ஆறு. எழுதும்போது உணர்ச்சியை மட்டும் எழுதாதேங்கோ. "இந்தக் கொள்கையில் இந்த வசனத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கோ" என்று மாற்று வசனத்தையே எழுதிக் கொடுங்கோ. டெவலப்பரின் ஆலோசகர் அப்படித்தான் எழுதுகிறார்.

பிரென்ட், நியூஹாம், ஹரோ, ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன், குரொய்டன் — இந்த ஆறிலும் எங்கட வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரு கவுன்சிலுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் பன்னிரண்டு பேர் போதும். யார் எந்தக் கவுன்சில் என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. பெயர்கள் வந்ததும் வரைபடங்களைப் பிரித்து வேலையைத் தொடங்குவோம்.